இடப்பக்க இயர்போன்

மாலை ஆறே முக்கால். செம்மலை தாண்டி நாயாற்றுப் பாலத்துக்குப் போகிற வீதி. ஒரு பக்கம் பற்றைக்காடு. மறுபக்கம் மணல்மேடு, அதற்கப்பால் கடல். கடல் தெரியாது... இரைச்சல் மட்டும் கேட்கும். விளக்குக் கம்பம் ஒன்றுகூட இல்லை.

அந்த வீதியால்தான் டிலக்ஸன் மோட்டார் சைக்கிளில் தனியே வந்துகொண்டிருந்தார். நம்முடைய கூட்டாளி அனிஸ்ரனின் அத்தான். அனிஸ்ரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொஞ்சம் கிட்ட வாருங்கள், சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை இது.

டிலக்ஸனுக்கு முல்லைத்தீவில் போட் எஞ்சின் திருத்துகிற வேலை. பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு நாயாற்றுக்கு வருவார். வீட்டில் மனைவி கலிஸ்ரா, நாலு வயது மகள் ஜெனிலா. வேறு யாரும் இல்லை.

பாட்டென்றால் அவருக்கு உயிர். ஆனால் போனில் கேட்கப் பிடிக்காது. பாட்டுக்கு நடுவில் விளம்பரம் வரும், எஞ்சின் திருத்தக் கொடுத்தவர்கள் கூப்பிடுவார்கள். இருபது வயதில் வீதி போடுகிற வேலைக்குப் போனபோது வவுனியாவில் ஒரு எம்பி த்ரீ பிளேயர் வாங்கியிருந்தார். பெருவிரல் அளவுதான். நீல வெளிச்சம். பாட்டு மாற்ற வெளியே எடுக்கவே தேவையில்லை, சட்டைப்பைக்குள் விரலே பொத்தானைத் தேடிப் பிடிக்கும். அது தொலைந்து கனகாலம். ஆனாலும் தார் மணம் வந்தால் அவருக்கு இன்றைக்கும் அதுதான் நினைவுக்கு வரும்.

போன மார்கழியில் மாமியை ரயில் ஏற்றிவிட மாங்குளம் போனார். திரும்பும்போது வீதியோரத்துப் போன் கடையொன்றில், பழைய சார்ஜர்கள் குவிந்த பெட்டிக்குள் அதே மாதிரி ஒன்று கிடந்தது. அதே அளவு. அதே நீலம். சந்தோசத்தில் உடனே விலை கேட்டாராம்.

“ஆரோ திருத்தக் குடுத்தது அண்ணை. பிறகு எடுக்க வரேல்லை. கொண்டுபோங்கோ, சும்மா கிடக்குது,” என்றார் கடைக்காரர்.

உள்ளே யாரோ ஆசையாகச் சேர்த்த பாட்டுகள். அழிக்க மனம் வரவில்லை. கடைசியாக ஒன்று, பெயரே இல்லை. வாகனம் வருவது கேட்கவேண்டும் என்று டிலக்ஸன் வலக்காதில் மட்டும்தான் இயர்போன் மாட்டுவார். அதனால் அந்தப் பாட்டில் அவருக்கு ஆர்மோனியம் மட்டுமே கேட்கும். பாடுகிற குரல் மற்றப் பக்கத்தில்.

அன்றைக்கு அந்தப் பாட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது.

நெஞ்சில் தொங்கிய இடப்பக்க வயர் அசைந்தது. காற்று என்று நினைத்தார். ஆனால் காற்றில் வயர் படபடக்கும்... இது படபடக்கவில்லை. மெதுவாக எழும்பி, தோளைத் தாண்டிப் பின்னால் போய், அப்படியே இறுகி நின்றது.

கிர்ர்க்...

பின் ஸ்பிரிங் பதிந்தது. ஓர் ஆள் ஏறினால் பதிவதுபோல. ஈரத்துணி மணம், அதோடு முகப்பவுடர் மணம்.

டிலக்ஸன் திரும்பவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் செபித்தது. பாலம் வந்ததும் ஸ்பிரிங் எழும்பியது. வயர் நெஞ்சில் வந்து விழுந்தது. தொட்டுப் பார்த்தார். இடப்பக்க இயர்போன் இளஞ்சூடாக இருந்தது. இப்போதுதான் ஒரு காதிலிருந்து எடுத்தது போல.

அடுத்த நாளும் அதே இடம். அதற்கடுத்த நாளும். வேறு வீதி கிடையாது, வேலையையும் விட முடியாது. ஏறும், கேட்கும், பாலத்தில் இறங்கும். அவ்வளவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஒருநாள் பாலத்தில் இறங்கவில்லை. வீட்டு வாசல் படலைவரைக்கும் வந்தது. நாய் ஊளையிடவில்லை, குரைக்கவில்லை... கவிழ்த்திருந்த வள்ளத்துக்குக் கீழே ஊர்ந்துபோய்ப் படுத்துக்கொண்டது.

கலிஸ்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முகம் வெளுத்துவிட்டது. “விடிஞ்சதும் அதை எறிஞ்சிட்டு வாங்கோ. பிள்ளை இருக்கிற வீடு.”

விடிந்ததும் பாலத்தில் நின்று எறிந்தார். பிளக். அவ்வளவுதான்.

அன்று மாலை அதே இடத்தில் ஸ்பிரிங் பதிந்தது.

இப்போது பாட்டு இல்லை. கொஞ்சத் தூரம் ஒன்றுமே இல்லை... பிறகு இடக்காதில் மூச்சு. குளிர் மூச்சு. ஓர் இளம்பெண் குரல் அந்தப் பெயரில்லாத பாட்டை முணுமுணுக்கத் தொடங்கியது. பாதியில் நின்றது.

“பிறகு?”

அவருக்கு என்ன தெரியும்? அந்தப் பக்கத்தை அவர் ஒருநாளும் கேட்டதில்லையே. குரல் முதலிலிருந்து தொடங்கியது. அதே இடத்தில் நின்றது.

“பிறகு?”

படலைக்குள்ளும் வந்தது. படுக்கையிலும் விடவில்லை. கோயில் பாடகர் குழுவிடம் ஆர்மோனியத்தை வாயால் வாசித்துக் காட்டினார், ஒருவருக்கும் தெரியவில்லை. மாங்குளம் போனார், கொடுத்த ஆளைக் கடைக்காரருக்கு ஞாபகமில்லை. ஆற்றில் மூழ்கித் தேடினார். கை நிறையச் சேறு. பங்குத்தந்தை வந்து வீட்டை மந்திரித்து, தீர்த்தம் தெளித்தார். தண்ணீர் காயுமுன்னமே குரல் தொடங்கியது.

“எனக்குத் தெரியாது பிள்ளை... சத்தியமாத் தெரியாது,” என்று விக்கி விக்கி அழுதாராம் அந்த மனிசன்.

“பிறகு?”

பிறகு ஒரு ஞாயிறு. நல்ல பகல். கலிஸ்ரா குசினிக்குப் பின்னால் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜெனிலா முருங்கைக்குக் கீழே சிரட்டையில் மண்சோறு சமைத்தபடி எதையோ பாடிக்கொண்டிருந்தாள். டிலக்ஸன் கிட்டப் போய்க் கேட்டார். அதே பாட்டு. அந்த இடம் வந்தது... பிள்ளை நிற்கவில்லை. முழுவதையும் பாடினாள். அவர் மாதக்கணக்காகக் கேட்ட ஆர்மோனியத்தோடு ஒரு சுருதி பிசகாமல் பொருந்தியது.

“ஆர் அம்மா சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. அக்கா பிறகு, பிறகு எண்டு அழுதவா. நான் பாடிக் காட்டினனான்.”

அடுத்த நாள் அந்த வீதியில் ஸ்பிரிங் பதியவில்லை. மோட்டார் சைக்கிள் இலேசாகப் போனது. அவருடைய இடக்காதிலும் ஒன்றும் இல்லை. டிலக்ஸன் பிரேக் பிடித்தார். எஞ்சினை நிறுத்தினார். பின் சீற்றைக் கையால் தட்டினார்.

“ஏறு பிள்ளை... என்னோட வா. நான் கூட்டிக்கொண்டு போறன். என்னோடயே இரு.”

கடல் இரைச்சல் மட்டும்தான்.

இப்போதும் ஒவ்வொரு மாலையும் அங்கே நிற்பாட்டுகிறார். அனிஸ்ரன் ஒருமுறை கூடப் போய்ப் பார்த்தான். இருட்டுகிறவரைக்கும் சீற்றைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாராம், கெஞ்சிக் கெஞ்சி.

ஜெனிலாவுக்கு இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். காதில் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். போன கிழமை டிலக்ஸன் அவளுடைய இடப்பக்கம் குனிந்து, காதோடு காதாக, “ஜெனிலா, சாப்பிட வாங்கோ,” என்றார்.

பிள்ளை திரும்பவில்லை. கையை மட்டும் உயர்த்தி அவருடைய வாயைப் பொத்தினாள்.

“பொறுங்கோ அப்பா... அக்கா இன்னும் முடிக்கேல்லை.”