மெல்ல மூடும் வட்டம்

அன்று டெஸ் கொண்டுவந்தது ஆப்பிள் கேக்கா, எலுமிச்சை கேக்கா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நீங்கள் மறுபடி மறுபடி கேட்பதால் ஆப்பிள் என்றே எழுதிக்கொள்ளுங்கள். மினியாபொலிஸில் முதல் பனி விழுந்த வாரம் என்பது மட்டும் உறுதி.

நாங்கள் செய்தது வலிப்பு வருபவர்களுக்கான செயலி. கைக்கடிகாரம் உடலின் நடுக்கத்தை உணரும். உடனே அவர்கள் போனும் வீட்டில் இருப்பவரின் போனும் அலறும். நல்ல செயலிதான், ஆனால் அவலட்சணம். முட்டை அடித்தால்கூட அலறியது. மதியத்துக்குள் பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது. எரிச்சல்பட்டு ஆட்கள் அதை நீக்கினார்கள். நீக்கிய செயலி யாரையும் காப்பாற்றாது. இதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

அதனால் நான் ஒரு வட்டம் வரைந்தேன். நடுக்கம் தெரிந்ததும் கடிகாரத்தில் அது பீச் பழ நிறத்தில், அவசரமில்லாமல் மூடத் தொடங்கும். நலமாக இருப்பவர் தொட்டால் கலைந்துவிடும். தொடாவிட்டால் முழுதாக மூடியபிறகுதான் போன்கள் அலறும். அதுவரை போனை எழுப்புவதில்லை, பேட்டரி மிஞ்சும்.

எங்கள் குழுவில் வலிப்பு உள்ளவள் டெஸ் ஒருத்திதான். கேக்கை வெட்டிக்கொண்டே என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்பா வெண்டல், உதவிக்கு ஆள் வர்றதுக்குள்ள நான் யோகா பண்ணிட்டு இருக்கணுமா?"

எல்லோரும் சிரித்தோம்.

"அழகா இருக்குல்ல?" என்றேன்.

"அழகுக்கென்ன குறைச்சல்? ஆனா என் கடிகாரத்துல பழசே இருக்கட்டும். சனிக்கிழமை காலையில குளியல் தொட்டியில தண்ணி ரொப்பிக்கிட்டு நான் தைரியமா படுக்கறதே, அது கத்தினா ராய்ஸ் ஓடி வருவார்ங்கற நம்பிக்கையிலதான். மாத்திடாத."

"மாத்த மாட்டேன்."

ராய்ஸ் அவள் கணவர்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒன்றைச் செய்தால், பாதிப் பேருக்குப் புதியதையும் மீதிப் பேருக்குப் பழையதையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். யாருக்கு எது என்று சொல்வதில்லை. புதிய பாதியில் இருந்தவர்களுக்கு அபூர்வமாகவே வலிப்பு வந்தது. டெஸ்ஸுக்கு அடிக்கடி வரும். வெள்ளிக்கிழமை மாலை அவள் கிளம்பிப் போனபின் அவள் கடிகாரத்தைப் புதிய பாதிக்கு மாற்றினேன்.

சனிக்கிழமை காலை காபியோடு என் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சோதனைக் கடிகாரங்கள் உணரும் நடுக்கம் என் கணினியில் அப்போதைக்கப்போதே கோடாகத் தெரியும். டெஸ்ஸின் கோடு எகிறியது. வட்டம் தொடங்கியது. அந்நேரம் அவள் எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். ராய்ஸின் எண் என் போனில் இருந்தது, போன் கைக்கருகில் இருந்தது. அழைத்திருக்கலாம். ஆனால் வெளியாள் தலையிட்டால் அந்தச் சோதனை எதற்கும் உதவாது. வட்டம் தடங்கலே இல்லாமல் மூடியது. பிறகு, சொன்னபடி, ராய்ஸின் போன் அலறியது. அவர் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தாராம். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். தொட்டித் தண்ணீர் இன்னும் சூடாகவே இருந்ததாம்.

அடக்கத்தன்று ராய்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"கத்தின உடனே ஓடினேன், வெண்டல். பூட்ஸைக்கூடக் கழட்டல. அப்படியும் எப்படி?"

"உங்க தப்பு ஒண்ணுமில்ல" என்றேன். அது உண்மை. அவரிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

டெஸ் ஏரிக்கரைக் கல்லறையில் இருக்கிறாள். ராய்ஸ் வீட்டை விற்றுவிட்டு துலூத் நகரில் தன் அக்காவோடு இருக்கிறார். அங்கே யார் குளித்தாலும் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாராம். எங்கள் மேலாளர் கொலீன் செயலியையே நிறுத்திவிட்டாள். நான் இங்கே விசாரணை அறையில், உங்கள் எதிரில் இருக்கிறேன். அவளை மாற்றியது நான்தான், பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததும் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு ஆளை வைத்து, வட்டம் தவறென்று முடிவு கட்டக் கூடாது.