டான்ஸ் பாட்டுப் பாடிய பெண்

திருவரங்குளத்தில் தங்கள் மாமா வீட்டில் பெண் பார்க்கும் சடங்கு முடிந்து, ஓர் அக்காவும் தங்கையும் புதுக்கோட்டை பஸ்ஸில் என் முன் சீட்டில் வந்தார்கள். அக்காவால் சும்மா உட்கார முடியவில்லை.

“சாமி பாட்டுப் பாடச் சொன்னா, டான்ஸ் பாட்டையாடி பாடுவ?”

“ரேடியோவுல ரெண்டையும் பாடுறது ஒரே அம்மாதானக்கா.”

“அந்தம்மாவுக்கா மாப்பிள்ளை பாக்குறோம்? மாப்பிள்ளையோட ஆத்தா பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

“அவரு தொடையில தாளம் போட்டாரு.”

“அப்ப அவருக்குப் புடிச்சிருக்கு! நான் போயி அவுங்க ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டு முடிச்சு வச்சிடுறேன்.”

“வேணாங்க்கா. ஆத்தா எந்திரிச்சதும் கையை மடக்கிக்கிட்டாரு.”



“மாமாகிட்ட வேணாம்னு நானே சொல்லிக்கிறேன்,” என்றாள் அக்கா.