கிரவுண்டு பக்கம் தொங்கும் வில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் நம் தலைமை ஆசிரியை இசபெல்லா அம்மையார் அவர்களே! முன்வரிசையில் நிமிராமல் உட்கார்ந்திருக்கும், மங்கம்மா டீச்சரின் வீட்டுக்காரர் ராஜப்பா அண்ணன் அவர்களே! பெங்களூரில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தினமும் பிடிக்கும் விடியற்கால ரயிலை இன்றைக்கு ஒருநாள் விட்டுவிட்டு வந்திருக்கும் பழைய மாணவர்களே! வெயிலில் தரையில் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே! கணக்கு வாத்தியார் ஏகநாதனின் வணக்கம்.

எனக்கு மைக் வேண்டாம் என்று எப்போதும் சொல்கிறவன் நான். "சார் ஒருவாட்டி கத்துனா பேத்தமங்களா ஏரியில மீன் திரும்பிப் பாக்கும்" என்று மங்கம்மா டீச்சரே ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் என்னைக் கேலி செய்வார். இன்றைக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. அதனால் இந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எட்டு நாளாகிறது. போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஏழே கால் மணி. ஹவுஸ் மேட்ச் ஆரம்பிக்கப் போகிறது என்று, இதோ இந்த இடத்தில், கோகோ ஆட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார் நம் உடற்கல்வி ஆசிரியை திருமதி மங்கம்மா. கோடு பாதியில் இருக்கும்போதே விழுந்தார். கோலார் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பாதிக் கோட்டை யாரும் மிதிக்காமல் சுற்றிப் போகிறீர்கள். நானும் கவனித்தேன் பிள்ளைகளே.

இருபத்தாறு வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்தில் அவரும் நானும் சேர்ந்து வேலை பார்த்தோம். சேர்ந்து என்றா சொன்னேன்? சண்டை போட்டுக்கொண்டு வேலை பார்த்தோம். எதற்காகச் சண்டை? உங்களுக்கே தெரியும். பத்தாம் வகுப்பு பி பிரிவு, வியாழக்கிழமை, ஐந்தாவது பீரியட்! டைம்டேபிளில் பி.டி. என்று போட்டிருக்கும். வகுப்புக்குள் வந்து நிற்பது யார்? நான்! கையில் சாக்பீஸும், அல்ஜீப்ரா புத்தகமும், "போர்ஷன் முடியவில்லை" என்ற ஒரே பாட்டும்! ஒரு பேட்சா, இரண்டு பேட்சா? இங்கே நிற்கிற பழைய மாணவர்களே, சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பீரியடையும் எடுத்தவன்தான் நான்.

அவர் என்ன செய்தார்? ஹெச்.எம்.மிடம் புகார் சொன்னாரா? இல்லை. வாரம் தவறாமல் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். கழுத்தில் விசில், காலில் வெள்ளைக் கேன்வாஸ்.

"சார், எங்கப்பா எட்டு மணி நேரம் தங்கச் சுரங்கத்துல பூமிக்குள்ள இருந்துட்டு ஷிஃப்ட் முடிஞ்சதும் கேஜ் லிஃப்ட்ல மேல வந்துடுவாரு சார். இதுங்க காலைல உள்ள போனா சாயங்காலம்தான் வெளிய வருதுங்க. ஒரே ஒரு பீரியட் மூச்சு உடட்டும் சார்."

"போங்க டீச்சர், போங்க. ரிசல்ட் வரும்போது மூச்சு விடலாம்" என்பேன். அவரும் போய்விடுவார். அடுத்த வாரம் திரும்பி வருவார்.

அவருடைய ஹவுஸ் மேட்சைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மற்ற பள்ளிகளில் நன்றாக ஆடுகிற பத்துப் பேர் ஆடுவார்கள், மிச்சம் நானூறு பேர் கை தட்டுவார்கள். இங்கே அது நடக்காது. நான்கு ஹவுஸ், நானூறு பிள்ளைகள், நானூறு பேரும் ஆடியாக வேண்டும். ஓட முடியாத பிள்ளை இருந்தால் அதற்காக ஒரு ஆட்டம் புதிதாக உண்டாக்குவார். யாரும் தங்கள் டீமுக்குக் கூப்பிடாத பிள்ளை எதுவோ, முதல் மேட்சுக்கு அதுதான் கேப்டன். சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து தூசிக் காற்று அடித்தால் எல்லாரையும் வராந்தாவுக்குள் ஓட்டிக்கொண்டு போய் அங்கேயே கேரம் போர்டு மேட்ச் நடத்துவார். மேட்ச் நின்றது என்ற பேச்சே கிடையாது!

அடுத்து அந்த வில்லைப் பலகை. பி.டி. ரூம் கதவுக்கு இரண்டு பக்கமும் ஆணி அடித்த இரண்டு பலகைகள். இடது பக்கம் 'உள்ளே', வலது பக்கம் 'கிரவுண்டு'. ஒவ்வொரு பிள்ளைக்கும் நம்பர் போட்ட ஒரு தகர வில்லை. கிரவுண்டுக்குப் போகும்போது வில்லையை வலது பக்கம் மாட்ட வேண்டும். திரும்பி வந்தால் இடது பக்கம். தகரம் எங்கிருந்து வந்தது? ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் அண்ணன் எண்ணெய்க் கடையிலிருந்து! காலி டின்னைக் கேட்டு வாங்கி, ராஜப்பா அண்ணனை உட்கார வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டினார்கள்.

எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அவருக்கு ஏழு வயசு இருக்கும்போது மைசூர் மைன்ஸ் ஷாஃப்டில் ஒரு நாள் உள்ளே பாறை வெடித்துச் சரிந்தது. ஆட்களையெல்லாம் மேலே கொண்டுவந்துவிட்டோம், எல்லாரும் வந்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் குழந்தை, உள்ளே இறங்குகிறவர்கள் வில்லை மாட்டிவிட்டுப் போகும் டோக்கன் பலகைக்கு முன்னால் நிற்கிறது.

"ஒரு வில்லை மட்டும் தொங்கிகினு இருந்துச்சி சார். நானூத்திப் பதினேழு. எங்கப்பாது. அத்த பாத்துட்டுதான் மறுபடி கேஜை உள்ள எறக்குனாங்க. மறுநாள் காலைல மேல வந்தாரு, உயிரோட. பலகை இல்லைன்னா எங்கப்பா இன்னா ஆயிருப்பாரு?"

தனக்கும் ஒரு வில்லை வைத்துக்கொண்டார். அதே நம்பர், நானூற்றுப் பதினேழு. ஆசிரியர்கள் எல்லாருக்கும் செய்தார். எனக்கும் செய்தார். என் வில்லை இருபத்தாறு வருஷமாக இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. "டின்னு உங்க கடைது. அத்த எடுத்து இந்தாண்ட மாட்டத்தான் உங்களுக்கு நேரமில்ல. துரு ஏறிப் போச்சு பாருங்க சார்" என்பார். நான் சிரித்துக்கொண்டே போய்விடுவேன்.

பெரியோர்களே! அவர் புகழை மட்டும் பாடிவிட்டு இறங்கலாம் என்றுதான் நேற்று வரை நினைத்தேன். முடியவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இறங்கினால் நான் மனுஷன் இல்லை.

அவர் விழுவதற்கு ஆறு நாள் முன்னால், புதன்கிழமை. காலையில் ஹவுஸ் மேட்சுக்கு ப்ராக்டிஸ். அது முடிந்ததும் அதே பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு முதல் பீரியட் என்னுடையது. மிட்-டெர்ம் கணக்குப் பேப்பர் கொடுக்கப் போகிறேன் என்று முந்தைய நாளே அறிவித்திருந்தேன். எப்படி அறிவித்தேன்? முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கினவர்களை வகுப்பு முன்னால் நிற்க வைத்து மார்க்கை உரக்கப் படிப்பேன் என்று அறிவித்தேன். மறுநாள் பெயர் கூப்பிட்டேன். ஒரு பெண் பதில் சொல்லவில்லை. ஆப்சென்ட் போட்டேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். என் வேலை அவ்வளவுதான்!

அதே நேரத்தில் பி.டி. ரூமைப் பூட்டப் போன மங்கம்மா டீச்சர் வலது பக்கப் பலகையில் ஒரு வில்லை தொங்குவதைப் பார்த்தார். பூட்டவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். கிரவுண்டு முழுக்கப் பார்த்தார். அப்புறம் நேராக மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு நடந்தார். அங்கே பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறது. ரயில் நிற்கிறது. எங்கே போகப் போகிறது? அதற்கே தெரியாது. வீட்டுக்கும் வகுப்புக்கும் போகப்போவதில்லை, அது மட்டும்தான் தெரியும். டீச்சர் திட்டவில்லை, கேள்வி கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். ரயில் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது பீரியடில் என் முன்னால் வந்து நின்று என்ன சொன்னார் தெரியுமா? "கோடு போட ஒத்தாசைக்கு நான்தான் வெச்சிகினேன் சார். அது மேல தப்பில்ல." நான் விட்டேனா? "பத்தாம் வகுப்புப் பிள்ளையைச் சுண்ணாம்பு கொட்ட வைக்கிறீர்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கிறதா?" என்று வராந்தாவே அதிரக் கத்தினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

மறுநாள் வியாழன். வாசலில் வந்து நின்றார். "சார், இந்த ஒரு வாரம் மட்டும் பீரியடை உடுங்க. காரணம் கேக்காதீங்க." என்றைக்கும் இல்லாமல் கெஞ்சினார். "டீச்சர், நீங்கள் விசில் ஊதுங்கள், நான் பிள்ளைகளைக் கரை சேர்க்கிறேன்" என்று சொன்னேன். நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னேன். "சரி சார். அடுத்த வாரம் கண்டிப்பா குடுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வந்தது. அவர் இல்லை!

டீச்சரின் மாரிகுப்பம் வீட்டு வாசலில், உடலைத் தூக்குவதற்கு முன்னால், அந்தப் பெண் என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். "சார், உங்களுக்குப் பயந்துதான் சார் போனேன்" என்றாள். அவள் இப்போது இந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது! மங்கம்மா டீச்சர் சொல்லாத பெயரை நானும் சொல்ல மாட்டேன். மகளே, ஆயிரம் பேர் முன்னால் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு. டீச்சரிடம் கேட்க எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ராஜப்பா அண்ணன் அவருடைய சாமான்களை எடுத்துப் போக வந்தார். விசிலை எடுத்தார். கேன்வாஸ் ஷூவை எடுத்தார். வலது பக்கப் பலகையில் நானூற்றுப் பதினேழு தொங்குகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கையால் மாட்டியது. அதையும் கழற்றிக் கொடுக்கப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்துவிட்டார். அவரும் சுரங்கத்தில் இறங்கினவர்தானே.

"வேணாம் சார். அவ இன்னும் மேல வரல."

சபையோர்களே, நான் என்ன உறுதிமொழி சொல்வது? அவர் பெயரில் கோப்பை வைக்கலாம், வைப்போம். அதைத் தலைமை ஆசிரியை அம்மா அறிவிப்பார். என்னால் கொடுக்க முடிந்தது ஒன்றுதான். போன வியாழன் பள்ளிக்கூடம் துக்கத்துக்காக மூடியிருந்தது. நாளைக்கு வியாழக்கிழமை.

பத்தாம் வகுப்பு பி பிரிவு! நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாளை ஐந்தாவது பீரியட் கணக்கு நோட்டை டெஸ்க்குள் வைத்துவிட்டுக் கிரவுண்டுக்கு வாருங்கள். இனி எல்லா வியாழனும் அப்படித்தான். புது பி.டி. டீச்சர் வருகிற வரைக்கும் நான் நிற்கிறேன். எனக்கு ஆட்டம் தெரியாது, நீங்கள் சொல்லிக் கொடுங்கள். பாதியில் நிற்கிற அந்தக் கோட்டை நான் போட்டு முடிக்கிறேன், கோணலாக இருந்தால் சிரியுங்கள். பீரியட் முடிந்ததும் பலகைக்கு முன்னால் நிற்பேன். உங்களில் ஒருவர் வில்லை வலது பக்கம் தொங்கினாலும் கதவைப் பூட்ட மாட்டேன், ஸ்டேஷன் வரைக்கும் தேடிக்கொண்டு வருவேன்.

இந்தக் கூட்டத்துக்கு வருவதற்கு முன்னால் என் வில்லையை எடுத்துத் துருவைத் தேய்த்தேன். வலது பக்கம் மாட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், நானூற்றுப் பதினேழுக்குப் பக்கத்து ஆணியில். நாளைக்கு எல்லாருடைய வில்லையும் உள்ளே திரும்பிவிடும், என்னுடையதும் திரும்பிவிடும். அது ஒன்று மட்டும் அங்கேயே இருக்கட்டும். யாரும் எடுக்காதீர்கள்.

டீச்சர், பீரியட் உங்களுடையது. எடுத்துக்கொள்ளுங்கள்.