எளிய வழக்கு

எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. கட்சிக்காரர்களுக்கு அது தெரியாது, கொண்டுவந்து கொட்டுவார்கள். வேண்டாம் என்று சொன்னதில்லை. வாங்கிக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிடுவேன். வழக்கு நடக்கும்வரை வஞ்சிரம் வரும். தீர்ப்பு வந்த மறுநாளிலிருந்து நெத்திலிகூட வராது. செங்கல்பட்டு கோர்ட்டில் கருப்பு கவுன் மாட்டிய நாள் முதல் இந்த ஜனங்களைப் பார்த்துவருகிறேன். தோற்றால் வக்கீல் சரியில்லை. ஜெயித்தால் மாதா கோயிலில் ஏற்றிய மெழுகுவத்தி ஜெயித்தது.

என் மேல் வந்த புகாரை விசாரிக்க உட்கார்ந்திருக்கும் நீங்களும் வக்கீல்கள்தான். உங்களுக்குப் புரியும்.

ரெஜினாவும் அந்த ரகம்தான். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் அறை துடைக்கிறாள். புருஷன் ஏசுபாதம், யாரும் சீண்டாத காலத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு மனை வாங்கிப் போட்டுவிட்டுச் செத்துப்போனான். மனைக்கு விலை ஏறியதும் அவன் அண்ணன் ஜெரோமுக்குச் செத்த தம்பிமேல் பாசம் பொங்கிவிட்டது. ரெஜினாவின் மகன் ஆல்வின் தம்பிக்குப் பிறந்தவனே இல்லை, ஆகவே மனையில் பாதி எனக்கு என்று வழக்குப் போட்டான். கிறிஸ்தவர்களுக்கான வாரிசுச் சட்டம் அப்படித்தான். பிள்ளை இருந்தால் அண்ணனுக்கு ஒன்றுமில்லை, இல்லாவிட்டால் பாதி.

வழக்கை எடுத்த அன்றே, கதவைச் சாத்திவிட்டு ரெஜினா உண்மையைச் சொன்னாள். சுனாமியில் பெற்றவர்களைப் பறிகொடுத்த கைக்குழந்தை. பிள்ளையில்லாத இவர்கள் எடுத்து வளர்த்தார்கள். தத்தெடுத்ததற்குக் காகிதம் கிடையாது. அப்போதிருந்த குழப்பத்தில் பிறப்புச் சான்றிதழை மட்டும் தங்கள் பெயரிலேயே வாங்கிவிட்டார்கள்.

"அவனுக்குத் தெரியாது சார். மனை போனாலும் போவட்டும், அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது," என்றாள்.

ஜெயித்துக் கொடுத்தேன். ஜெரோம் கொண்டுவந்த சாட்சிகளை ஒவ்வொருவராக உளறவைத்தேன். மரபணுச் சோதனை கேட்டு அவர்கள் போட்ட மனுவைத் தள்ளுபடி செய்யவைத்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வழக்கை நடத்தியதில்லை. இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது.

ஃபீஸில் பாதிதான் வந்தது. மீதிக்கு, "கொஞ்சம் டைம் குடுங்க சார், சீட்டு எடுத்துக் கட்டிடறேன்" என்றாள். அப்புறம் போனை எடுப்பதை நிறுத்தினாள். நோட்டீஸ் விட்டேன், பதில் இல்லை. வழக்குப் போட்டேன். ஒரு வக்கீல் கட்சிக்காரியிடம் ஃபீஸ் கேட்டுக் கோர்ட் படியேறுவது கௌரவக் குறைச்சல் என்று சகாக்கள் சிரித்தார்கள். மளிகைக் கடைக்காரன் பாக்கியைக் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை.

ரெஜினாவுக்காக ஆஜரானவள் தமிழ்ச்செல்வி. கவுனில் இஸ்திரி மடிப்புகூடக் கலையாத பெண். அவள் தாக்கல் செய்த பதிலுரையில் ஒரு வரி இருந்தது: 'மனை வழக்கு ஓர் எளிய வழக்கு, ஒரு சான்றிதழைத் தாக்கல் செய்ததற்கு வாதி ஏற்கனவே வாங்கிய பணமே அதிகம்.' வீட்டில் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

விசாரணை நாளில் நான் சாட்சிக் கூண்டில் நின்றேன். வாசல் ஓரம் ஆல்வின் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அம்மாவை வண்டியில் கூட்டிவந்தவன் அவன்தான். தமிழ்ச்செல்வி குறுக்கு விசாரணையைத் தொடங்கினாள்.

"பிறப்புச் சான்றிதழ் இருக்கும்போது, பையன் ஏசுபாதத்துக்குப் பிறந்தவன் என்று நிரூபிக்க அப்படி என்ன உழைப்பு தேவைப்பட்டது?"

பாவம், ரெஜினா அவளிடம்கூட உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது ரெஜினாவுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்று கைகூப்பினாள். "வேணாம் சார். வுட்டுடுங்க. எல்லாத்தையும் குடுத்துடறேன் சார். மனைய வித்தாவது குடுத்துடறேன்." நீதிபதி அவளை உட்காரச் சொன்னார்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது சாட்சியின் கடமை. சொன்னேன். அந்தப் பையன் அவர்களுக்குப் பிறந்தவனே இல்லை, இல்லாத மகனை மகன் என்று நிரூபித்துக் கொடுத்தேன், இது எளிய வழக்கா என்று கேட்டேன். நிதானமாக, தட்டச்சு செய்பவருக்கு வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"இன்னாம்மா சொல்றாரு இவரு?" என்றான் ஆல்வின். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தீர்ப்பு எனக்குச் சாதகம். ஜெரோம் என் சாட்சியத்துக்கு நகல் வாங்கிப் பழைய வழக்கைத் தூசி தட்டிவிட்டான். பாதி மனை போய்விடும். நீதிமன்றத்தை ஏமாற்றினேன் என்று என் மேலும் நடவடிக்கை வரும். வரட்டும். பையன் வீட்டைவிட்டுப் போய் பொத்தேரியில் அறை எடுத்திருக்கிறான். அதற்கு நான் பொறுப்பில்லை. ஃபீஸை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

போன வாரம் ஆல்வின் என் ஆபீசுக்கு வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், என்னப் பெத்தவங்க யாருன்னு அம்மா உங்களாண்ட சொல்லிகீறாங்களா? எந்த ஊருன்னாச்சும்? அவங்களாண்ட கேக்க எனக்கு வாய் வர்ல சார். அழுதுகினே கீறாங்க."

ரெஜினா சொல்லியிருந்தாள். பெயர், குப்பம், உயிரோடிருக்கும் ஒரு சித்தி வரைக்கும் சொல்லியிருந்தாள். எல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை மூன்றாம் மனிதரிடம் வெளியிடுவது தொழில் தர்மம் இல்லை என்று அவனுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லி அனுப்பிவைத்தேன்.