நம்பர் விழாத கோல்

மத்தியானச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று ஒரு மனிதன் நினைப்பதில் பிழை ஒன்றும் இல்லை. நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். என்னுடைய விசயம் அங்கேதான் தொடங்குகிறது. கேட்டீர்கள், சொல்கிறேன்.

வவுனியாவில் நீர்ப்பம்பி விற்கும் ஒரு கம்பனியின் கந்தோரில் நான் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தேன். பெயர் தவராசா. எனக்கு முன் மேசையில் யோகலிங்கம், களஞ்சியப் பொறுப்பாளர். நான் எதையும் கூட்டிச் சொல்வேன் என்று ஆட்கள் சொல்வார்கள். அது என் பிறவிக்குணம். ஆனால் அவன் மூக்குச் சிந்தினால் ஓமந்தையில் மேயும் மாடுகள் தலை நிமிர்த்தும் என்பது கிட்டத்தட்ட உண்மை. வெற்றிலையை மென்று, மேசைக்குக் கீழே வைத்திருந்த பெயின்ற் தகரத்துக்குள் துப்புவான். தகரம் நிரம்பும்வரை கொண்டுபோய் ஊற்றமாட்டான். வெயில் ஏற அது புளித்துப் பொங்கும். கால் நகத்தைக் கந்தோர்க் கத்தரிக்கோலால் வெட்டுவான். ஒருமுறை ஒரு துண்டு பறந்து வந்து என் பாரைக் குழம்புக்குள் விழுந்தது. மீன்முள் என்று நினைத்து அதை நான் சப்பினேன். இதில் கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை.

முகாமையாளர் நிஸாரிடம் முறையிட்டேன்.

"தவராசாண்ணன், அவர்ட மகன்ட விசயம் தெரியுந்தானே. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

தெரியும். மகன் பிரதாபன் ஏஜென்சிக்காரனை நம்பி வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவன். இடைவழியில் ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து வீட்டுக்குக் கதைத்தான். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. மகன் சத்தமில்லாமல் போனதற்கும் தகப்பன் தகரத்தை ஊற்றாததற்கும் என்ன தொடர்பு என்று நிஸார் எனக்கு விளக்கவில்லை.

அந்த வருடம், சண்டை நின்றிருந்த காலம், கந்தோருக்குப் புதிய எக்ஸ்சேஞ்ச் பெட்டி வந்தது. அதைப் பொருத்திப் பூட்ட வந்தவன் எனக்கு ஒரு வசதி காட்டினான். ஒன்பதை அழுத்தி வெளிலைன் எடுக்கமுன் நட்சத்திரக் குறியையும் இன்னும் இரண்டு இலக்கங்களையும் அழுத்தினால், எடுக்கிற வீட்டுப் போன் திரையில் எங்கள் நம்பர் விழாது. அந்த ஒரு கோலுக்கு மட்டுந்தான். அடுத்த கோலுக்கு வழமைபோல விழும். கையைக் கழுவித் துடைத்த மாதிரி. எனக்கு அந்தச் சுத்தம் பிடித்துக்கொண்டது.

அப்போது எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது. லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள் டெலிபோன் காட் போட்டு எடுக்கும் கோலுக்கு நம்பர் விழுவதில்லை. ஆகவே நம்பர் விழாமல் மணி அடித்தால் வெளிநாடு. தோசை கருகினாலும் பரவாயில்லை என்று குசினியிலிருந்து ஓடுவார்கள். யோகலிங்கமும் நம்பர் காட்டும் போன் ஒன்று வாங்கி வைத்திருந்தான்.

ஒருநாள் தகரம் பொங்கிய மத்தியானம், நட்சத்திரக் குறியை அழுத்தி அவன் வீட்டுக்கு எடுத்தேன். போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"தம்பி? பிரதாபன்? அம்மா கதைக்கிறன். கேக்குதோ?"

அது அவன் மனைவி ஜெகதீஸ்வரி. நான் வைத்துவிட்டேன். உடனேயே அவா கந்தோருக்கு எடுத்தா. இணைத்துக் கொடுத்தது நான்தான். யோகலிங்கம் சைக்கிளில் பறந்தான். தகரத்தைக் கொண்டுபோய் ஊற்றி, யன்னலைத் திறந்து, நிம்மதியாகச் சாப்பிட்டேன். வடிவான மத்தியானம்.

அடுத்தநாள் அவன் வந்து என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினான்.

"அண்ணை, உங்களுக்குப் போன் விசயம் விளங்கும். நம்பர் விழேல்லை. வெளிநாடுதானே?"

"வெளிநாட்டுக் கோலுக்கு நம்பர் விழாது, யோகு."

அது உண்மை. அவன் கேட்டதற்கு நான் சொன்ன பதிலில் ஒரு சொல் பொய் இல்லை.

பிறகு மணம் தாங்கமுடியாத நாட்களில் எல்லாம் எடுத்தேன். ஜெகதீஸ்வரி கோயிலுக்குப் போவதை நிறுத்தினா என்று கேள்விப்பட்டேன். கிணற்றடிக்குப் போனால் யாராவது போனடியில் நிற்கவேண்டுமாம். அது அவரவர் விருப்பம்.

ஒரு மழை மாதம், காணாமல் போனவர்களைத் தேடும் நிறுவனமொன்றிலிருந்து ஸாஜிதா என்ற பிள்ளை வந்தா. மனைவிக்குத் தெரியவேண்டாம் என்று யோகலிங்கம்தான் கந்தோருக்கு வரச்சொல்லியிருந்தான். சரியாக நான் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்த நேரம். அவா ஒரு படத்தை மேசையில் வைத்தா. லொறியொன்றில் விறைத்துச் செத்துக் கிடந்த ஒருவனின் முகம்.

"அங்கிள், ஆறுதலாப் பாருங்கோ. உங்கட மகன் எண்டு நீங்க சொன்னா உடம்ப அனுப்புவாங்க. இல்லாட்டி, அங்கயே பேரில்லாமப் புதைச்சிருவாங்க. இண்டைக்கு நான் பதில் சொல்லணும்."

நானும் எட்டிப் பார்த்தேன். பிரதாபன்தான். பள்ளிக்கூட விடுமுறையில் கந்தோருக்கு வந்து என் போனை நோண்டுகிற பொடியன். சைக்கிளால் விழுந்து புருவத்தில் பட்ட வெட்டுக்கூட அப்படியே இருந்தது.

"அண்ணை, இவன்ரை புருவத்தைப் பாருங்கோ," என்றான் யோகலிங்கம். அதற்குமேல் சொல்லமுடியாமல் அழத் தொடங்கினான். மூக்கால் கட்டிகட்டியாக வடிந்தது. எதைத் தேடுகிறான் என்று பார்த்தால் என் லேஞ்சி. நான் வாய் துடைக்க மடித்து வைத்திருந்த லேஞ்சி. அதை எடுத்து முழுவதையும் சிந்தினான். ஒரு துளி என் சோற்றின் ஓரத்தில் விழுந்து நின்று மினுங்கியது.

நான் எழும்பிப் போய் எக்ஸ்சேஞ்ச் பெட்டிக்கு முன் இருந்தேன். நட்சத்திரக் குறி, இரண்டு இலக்கம், ஒன்பது, அவன் வீட்டு நம்பர்.

"தம்பி," என்றா ஜெகதீஸ்வரி. வைத்தேன். காத்திருந்தேன். மணி அடித்தது. இணைத்தேன்.

"இஞ்சாருங்கோ, தம்பி எடுத்தவன்," என்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

யோகலிங்கம் படத்தைக் கவிழ்த்து வைத்தான். அவன் முகம் அப்படி விரிந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை.

"பிள்ளை, இது என்ரை பெடியன் இல்லை. அவன் இப்பதான் வீட்டை எடுத்தவன். ஆற்றையோ பாவம் பிள்ளை."

"அங்கிள், வடிவாத் தெரியுமா?"

"தாய்க்குத் தெரியாதே பிள்ளை?"

ஸாஜிதா என்னைப் பார்த்தா. நான் சோற்றைப் பொதியோடு சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்ற பதிலோடு அவா போனா. பிறகொருநாள், அங்கே அடக்கம் முடிந்தது என்று சொல்ல எடுத்தா. அந்தக் கோலை வாங்கியதும் நான்தான். யோகலிங்கம் அன்று சந்தோசமாக இருந்தான்; குழப்பவில்லை.

பிறகு, மகன் எடுத்தால் வீட்டில் நிற்கவேண்டும் என்று வேலையை விட்டுவிட்டான். அறை இப்போது துப்பரவு. போன மாதம் நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வந்த ஒப்பரேட்டருக்குப் பழக்குவதற்காக இடைக்கிடை போவேன். போனால், அந்தப் பிள்ளை தேத்தண்ணி குடிக்க எழும்பும் நேரத்தில் யோகலிங்கம் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துவிடுவேன். இப்போது எந்த மணமும் இல்லை, எந்தத் தேவையும் இல்லை. அதனால்தான் இதை உதவி என்று சொல்கிறேன். அந்த வீட்டில் பிரதாபனை உயிரோடு வைத்திருப்பது நான் ஒருவன்தானே.

கடைசியாக எடுத்தபோது ஜெகதீஸ்வரி சத்தம் போட்டுக் கேட்கவில்லை. மெல்லமாகத்தான் சொன்னா.

"நீ கதைக்க வேண்டாம் ராசா. ஆரும் பக்கத்திலை நிப்பினம். மூச்சை மட்டும் விடு, அம்மாக்கு அது காணும்."

போனின் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, மூச்சை விட்டேன். அது என்னுடைய மூச்சுத்தான். அதிலும் ஒரு பொய் இல்லை.