நீல கேட் வீடு

– அதான் பிடிச்சுட்டாங்கல்ல? அப்புறம் எதுக்குடி மூக்கைச் சிந்திட்டு நிக்கிறே? இந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடி, மடிக்கணும்.

– அக்கா, முதல்ல இஸ்திரிப் பெட்டியைக் கீழே வை. சொல்றதைக் கேளு.

– இந்தப் போர்வைங்களை எடுக்க லாட்ஜ்காரன் வண்டி அனுப்பிடுவான். கை வேலையைப் பார்க்கட்டும், காது சும்மாதானே கிடக்கு. அந்த நாற்காலியில உட்கார்ந்து சொல்லு.

– இது ராத்திரி உன் ரூம் கதவுக்கு முட்டுக் குடுக்கிற நாற்காலி ஆச்சே? சலவைக் கடைக்கு எப்ப வந்துச்சு?

– வந்துச்சு. உட்காருடி. என் புருஷன், அந்த மகராசன், உள்ளே போயிட்டானா இல்லையா? அதைச் சொல்லு.

– போயிட்டாரு... போயிட்டான். ஆனா சும்மா பிடிக்கலக்கா. ஒரு பொண்ணை அடிச்சுட்டான். நீன்னு நினைச்சு.

– என்னது?

– பின்னாடியிலிருந்து. வேலை முடிஞ்சு வந்து கேட்டைத் திறந்திருக்கா. உன்ன மாதிரியே உயரமாம், உன்ன மாதிரியே நீளப் பின்னலாம். முகத்தைக் கூடப் பார்க்கல அந்தப் பாவி. இன்னும் கண் திறக்கலயாம்.

– எந்த கேட்டு?

– நீல கேட்டு. நான் உன் பேஸ்புக் பக்கத்துல படம் போட்டேனே, அந்த வீடு.

– ஏன்டி, வீடுன்னு இருந்தா உள்ளே மனுஷங்க இருக்க மாட்டாங்களா? எங்கேருந்துடி எடுத்தே அந்தப் படத்தை?

– வாடகைக்குன்னு ஒரு விளம்பரம் வந்துச்சு. காலி வீடுன்னு நினைச்சேன்க்கா, சத்தியமா. அது பழைய விளம்பரம். அவ எப்பவோ குடி வந்துட்டா.

– தெருப் பேரையும் போட்டே.

– போட்டாத்தானே நம்புவான்! உன் பக்கத்தை மூடினா ஊர் ஊராத் தேடுவான். வேற ஊர்ல நீ நிம்மதியா இருக்கிற மாதிரி காட்டினா அங்கே போய் அலைவான், இங்கே வர மாட்டான். உன்கிட்டயும் சொல்லிட்டுத்தானே செஞ்சேன். ‘புது வீடு, புது வாழ்க்கை’ன்னு எழுதினதைப் படிச்சுட்டு நீ சிரிச்சே.

– சிரிச்சேன். எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? நீ போன் கடையில வேலை பார்க்கிறவ, விவரமானவன்னு விட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆயிடுச்சு பார்த்தியா.

– ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிடலாம்க்கா. நான்தான் போட்டேன்னு.

– சொன்னா நம்ம விலாசம் எழுதுவாங்க. அவன் உள்ளே போனா என்ன, அவன் அண்ணன் வெளியிலதானே இருக்கான்? அடுத்த போர்வையைப் போய் எடுத்துட்டு வா. போனதை எல்லாம் துவைச்சுட்டு உட்கார முடியாது.

– அந்தப் பொண்ணுக்கு அம்மா இருப்பாங்கக்கா.

– எனக்கும்தான் இருந்தா. நான் அடி வாங்கினப்போ எந்தப் பொண்ணோட அம்மாடி வந்து அழுதா?

– நான் வந்தேன்ல? நான்தானே ராத்திரியோட ராத்திரியா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்?

– சரி, சரி. அழாதே.

– இன்னொண்ணு இருக்கு. காலையில படத்தை அழிக்கலாம்னு உன் பக்கத்தைத் திறந்தேன். அவ மெசேஜ் போட்டிருந்தா.

– எவ?

– அவதான். படிக்கிறேன், கேளு. ‘அக்கா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நீங்க போட்டிருக்கிறது நான் குடியிருக்கிற வீடு. ரெண்டு நாளா ஒருத்தர் எதிர்ல நிக்கிறாரு. பக்கத்துக் கடையில உங்க பேரைச் சொல்லி விசாரிச்சாராம். நான் தனியா இருக்கேன், பயமா இருக்கு. தயவுசெஞ்சு படத்தை எடுத்துடுங்க.’

– ம்.

– அக்கா, போர்வை! கருகுதுக்கா, பெட்டியை எடு!

– எடுத்துட்டேன். எடுத்துட்டேன்.

– புதுசா வந்த மெசேஜ்னா எழுத்து தடிச்சு இருக்கும். இது அப்படி இல்ல. நான் திறக்கிறதுக்கு முன்னாடியே யாரோ படிச்சிருக்காங்க.

– அவனே படிச்சிருப்பான்.

– அவன்கிட்ட பாஸ்வேர்டு இல்ல. எந்த போன்லேருந்து திறந்தாங்கன்னு அதுவே காட்டும்க்கா. நீ அழிச்சாலும் தடம் இருக்கும். கடைக்காரம்மா உனக்குக் குடுத்த பழைய போன் அது. திங்கக்கிழமை சாயங்காலம் திறந்திருக்கு. அவ அடிபட்டது புதன்கிழமை.

– அந்த முனையைப் பிடி, மடிக்கலாம்.

– எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரே நிமிஷத்துல எடுத்திருப்பேனே! அவளுக்கு ‘ஓடிடு’ன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமேக்கா! ஏன்க்கா? வாயைத் திறந்து சொல்லு, ஏன்?

– எடுத்துட்டா அவன் அங்கேருந்து கிளம்பிடுவான்லடி. அங்கே நிக்கிறான்னா இங்கே இல்லைன்னு அர்த்தம். அன்னிக்குத்தான் இந்த நாற்காலியைக் கதவுலேருந்து எடுத்தேன். படுத்ததும் தூங்கிட்டேன்.