ரேடியேட்டர் கொண்டுவந்த தாய்மாமன்

பந்தி ரெடின்னு சாம்பார் வாசனையே சொல்லுது. அதனால வாழ்த்தைச் சுருக்கிட்டு, ஒரே ஒரு குட்டிக் கதை மட்டும் சொல்றேன். கார் கதை. மாப்பிள்ளை, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க... உங்களுக்குத்தான்.

கோயமுத்தூர் பீளமேட்டுல விஜயரங்கன்னு ஒருத்தர். பம்பு தயாரிக்கிறவரு. ரொம்ப நாள் ஆசைப்பட்டு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாரு. பழசுதான்... ஆனா டர்போ இன்ஜின். மிதிச்சா பறக்கும். ரெண்டே சீட்டு. பொண்டாட்டி புள்ளை இருக்கிறவருக்கு ரெண்டு சீட்டு கார் எதுக்குன்னு கேக்காதீங்க... வீட்டம்மாவே கேட்டுப் பாத்துட்டாங்க.

அந்தக் காருக்கு ஒரு வியாதி. ஊருக்குள்ள சமத்தா போகும். பைபாஸ்ல ஏறி நூறைத் தாண்டினா... சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடும். மெக்கானிக்கிட்ட விடலாமில்ல? மாட்டாரு! "என் வண்டியில அடுத்தவன் ஸ்பானர் படக்கூடாது." போர்ட்டிகோவுல ஜாக்கி போட்டுத் தூக்கி, போன்ல வீடியோ பாத்துப் பாத்து அவரே கழட்டுவாரு. தெர்மோஸ்டாட்டை மாத்தினாரு. சூடு குறையலை. வாட்டர் பம்பை மாத்தினாரு. குறையலை. ஃபேனை மாத்தினாரு... என்ன ஆச்சு? நீங்களே சொல்லுங்க... ஆங், குறையலை!

அவர் மனைவி மைதிலிக்கு ஒரு தம்பி, தாமோதரன். இவருக்காகச் சென்னை வரைக்கும் போய், ஊரெல்லாம் அலைஞ்சு, அதே மாடல் கார்ல கழட்டின, இன்ஜின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டர் ஒண்ணை, பஸ்ல மடியில வெச்சுக் கொண்டாந்து கொடுத்தான். மாட்டினாரு. ஓட்டினாரு... முள்ளு சிவப்பு.

அவ்வளவுதான். அத்தனை நாள் எரிச்சலும் யார் மேல இறங்குச்சு?

"ஓட்டை ரேடியேட்டரை என் தலையில கட்டிட்டான் உன் தம்பி!"

"ஏனுங்க, அவன் என்ன கடைக்காரனா? உங்களுக்காகத்தான அலைஞ்சான்?"

"இனி அவன் இந்த வாசப்படி மிதிக்கக்கூடாது!"

சொல்லிட்டாரு. ஆனா அடுத்த வாரம் மகளுக்குக் காதுகுத்து. பெரியவங்களே, காது குத்துறப்ப குழந்தை யார் மடியில உக்காரணும்? மைதிலியும் அதைத்தான் கேட்டாங்க. "தாய்மாமன் உசுரோட இருக்கறப்ப என் புள்ளையை எவன் மடியில உக்கார வெப்பீங்க?" மனுசன் எந்திரிச்சு போர்ட்டிகோவுக்குப் போயிட்டாரு. அந்தம்மா அடுப்படியில நின்னு அழுதுச்சு. பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போச்சு, தாய்மாமன் வீட்டுக்கு மட்டும் போகலை.

விசேஷத்துக்காகக் காரைக் கழுவினாரு. முன்னாடி ஒரு எவர்சில்வர் தகடு... இவ்வளவு அகலம்... அதுல கொட்டை எழுத்துல 'விஜயரங்கன்'. வண்டி வாங்கி பூஜை போட்ட அன்னைக்கு அவரே டிரில் போட்டு முடுக்கினது. அதைப் பாலிஷ் போடக் கழட்டி வெச்சுட்டு, பந்தல்காரரைப் பாக்க பைபாஸ்ல போனாரு. நூறு... நூத்திப் பத்து... முள்ளு நடுவுலயே நிக்குது! ஓரங்கட்டி இறங்கிப் பாத்தா... ரேடியேட்டருக்குக் காத்து போற வழியே அந்தத் தகடு இருந்த இடந்தான்.

பந்தல்காரர்கிட்டப் போகலை. நேரா தாமோதரன் வீடு. வாசல்ல நிக்கிறாரு, உள்ள போகக் கால் வரலை. தாமோதரன்தான் முதல்ல பேசினான்.

"முள்ளு எங்க நிக்குதுங்க மச்சான்?"

"நடுவுல மாப்ளே. உன் ரேடியேட்டர் நல்லாத்தான் இருக்குது. என் பேருதான் காத்தை மறிச்சுது... பாப்பாவுக்குக் காதுகுத்து. நீ வரணும்."

தாமோதரன் உள்ள போனான். ஒரு சின்ன டப்பாவோட திரும்பி வந்தான்.

"தோடு அப்பவே வாங்கிட்டேனுங்க மச்சான். நீங்க கூப்புடுவீங்களோ மாட்டீங்களோன்னுதான்..."



பாத்தீங்களா? எத்தனை பாகத்தை மாத்தினாரு! தான் மாட்டினதை மட்டும் கழட்டிப் பாக்கத் தோணலை. மாப்பிள்ளை, குடும்பத்துலயும் சூடு ஏறும். ஏறாதுன்னு இந்த மேடையில நின்னு பொய் சொல்ல மாட்டேன். ஏறினா உடனே, மாமனார் சரியில்லை, மச்சான் சரியில்லை, வீட்டை மாத்துன்னு கிளம்பாதீங்க. 'நான் சொன்னா சொன்னதுதான்'னு முன்னாடி ஒரு தகடு முடுக்கி வெச்சிருப்போம்... முதல்ல அதைக் கழட்டிப் பாருங்க. கல்யாணப் பொண்ணு, கண்ணு, உனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

அதோ பாருங்க... உங்க மச்சான் விடிஞ்சதுல இருந்து பந்தி வேலையில நிக்கிறாரு. இன்னும் ஒரு வாய் சாப்பிடலை. போங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, உங்க பக்கத்து எலையில உக்கார வெச்சுச் சாப்பிடுங்க.